மழலை வாயில் திருமுறை

மூன்று வயதில் ஞானசம்பந்தர் சீகாழியில் பாட, அருகிருந்து கேட்டவர் தந்தையார் சிவபாத இருதயர். பின்னாளில் தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்தும் பண்முறை தெரியவில்லை; திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணியொருவரே அதனை மீட்டுத் தந்தார் என்பது வரலாறு. ஏடு சொல்லைக் காத்தது. இசையைக் காத்தது குடும்ப வழக்கமே.

தருமபுரம் சுவாமிநாதன் ஓதிய தேவாரங்களும், சிறுவர்க்கான புதிய பக்திப் பாடல் தொகுப்புகளும் ஒலிநாடா, குறுந்தட்டுக் காலங்களைக் கடந்து இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆயினும் கருவி பாட, பிள்ளை வேறெங்கோ நோக்கியிருந்தால் பயன் யாது? டுரியான் துங்கால் வட்டாரப் பெற்றோர் நாளொன்றுக்கு ஒரு பாடலேனும் பிள்ளைகளுடன் அமர்ந்து கேட்டு, உடன் பாடுதல் வேண்டும். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவிற்கும் அதுவே நற்பயிற்சி. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் சந்நிதியில் நம் பிள்ளைகள் வாயாரப் பாடுவார்களாக!