மங்கித் தோன்றும் புரதப் பட்டி

உயிர்க்கலத்திலுள்ள எண்ணிறந்த புரதங்களுள் ஒன்றை மட்டும் இனங்காண ஆய்வுகூடங்களிற் பெரிதும் கையாளப்படுவது மேற்கு ஒற்றல் என்னும் முறையாகும். புரதங்களை ஜெல் தகட்டிலிருந்து நைத்திரோசெலுலோசுத் தாளுக்கு மின்னோட்டத்தாற் பெயர்க்கும் வழியை 1979ஆம் ஆண்டில் தௌபின் என்பாரும் அவர்தம் துணைவரும் வெளியிட்டனர். 'மேற்கு' என்னும் பெயரை 1981இல் இட்டவர் பேர்னெற் என்பார். டி.என்.ஏ. ஒற்றலை 1975இல் வகுத்த சதேண் என்னும் அறிஞரின் பெயர் 'தெற்கு' எனப் பொருள்படுதலின் எழுந்த நகைச்சுவையே இது.

தாளிற் படிந்த புரதத்தை முதற் பிறபொருளெதிரி பற்றும்; அதனை, நொதியம் பிணைக்கப்பட்ட இரண்டாம் பிறபொருளெதிரி பற்றும். நொதியம் தனக்குரிய கரைசலோடு தாக்கமுற்று ஒளி உமிழ, அவ்வொளி பட்டியாகப் பதிவாகும். பட்டி மங்கினால், 'இக்கலத்தில் இப்புரதம் இல்லை' என முடிவுகட்டுவோர் உளர். பிறபொருளெதிரியை மேலும் மேலும் சேர்ப்போரும் உளர். இரண்டும் அவசரமே.

முதற்கண் நோக்கவேண்டியது, புரதம் தாளுக்கு வந்து சேர்ந்ததா என்பது. பொன்சோ என்னும் செஞ்சாயத்தில் தாளைத் தோய்த்தாற் புரதங்கள் சிவந்து தோன்றும். பின் கழுவ, சாயம் நீங்கிவிடும். சில நிமிடங்களே பிடிக்கும் இச்சோதனையைப் பலர் ஏனோ விட்டுவிடுகின்றனர். சிறிய புரதங்கள் தாளை ஊடுருவி அப்பாற் சென்றுவிடுதலும், பெரியவை ஜெல்லிலேயே தங்கிவிடுதலும் உண்டு. பெயர்ப்புக் கரைசலிலுள்ள மெதனோல் புரதம் தாளில் ஒட்டத் துணைபுரியும். ஆனால் அதுவே ஜெல்லைச் சுருக்கிப் பெரிய புரதங்களை வெளியேறவொட்டாது தடுக்கும். ஆதலின் அதன் அளவைப் புரதத்தின் பருமன் நோக்கியே வகுத்தல் வேண்டும்.

சாயம் நன்கு பற்றியும் பட்டி மங்கினால், அப்புரதம் உண்டென முன்னரே அறியப்பட்ட மாதிரியொன்றை அருகில் ஓட்டிப் பார்த்தல் தகும். அதிலும் பட்டி தோன்றாவிடின் குறை மாதிரியில் அன்று, செய்முறையிலேயே உளது.

வியப்புக்குரியது யாதெனின், மிகுதியும் குறைவைப் போலவே தோன்றுதல். நொதியம் அளவுகடந்து செறிந்தவிடத்துக் கரைசல் விரைவிற் செலவாகிவிட, பட்டியின் நடுப்பகுதி வெண்மையாகிவிடும். இதற்குப் பரிகாரம் பிறபொருளெதிரியை ஐதாக்குதலேயன்றிக் கூட்டுதலன்று.

பற்றீரியா வளராதிருக்கச் சேர்க்கப்படும் சோடியம் அசைட்டும் பெரொட்சிடேசு நொதியத்தின் தொழிலை ஒடுக்கும். ஐயமுறின், இரண்டாம் பிறபொருளெதிரியில் ஒரு துளியைத் தனித்தாளில் இட்டு, அதன்மேல் ஒளிதரு கரைசலை ஊற்றுக. ஒளி எழாவிடின் அவ்விரண்டினுள் ஒன்றே பழுதுற்றது.