தஹியும் தயிரும்



கல்யாணமான புதிதில் கணவரின் வேலை காரணமாக ஆறு வருஷம் போபாலில் குடியிருந்தோம். அங்கே நான் முதலில் கற்றுக்கொண்ட ஹிந்தி வார்த்தை ‘தஹி’. தயிர் இல்லாமல் நம் வீட்டில் ஒரு நேரச் சாப்பாடு நடக்குமா? சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு பாபி. பாபி என்றால் அண்ணி. அக்கம்பக்கத்துப் பெண்களையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வார்த்தையோடு கடை வழக்கத்தையும் அவரே சொல்லித் தந்தார். அங்கே தயிரை எடை போட்டு விற்பார்கள். கால் கிலோவுக்கு ‘பாவ் கிலோ’, அரை கிலோவுக்கு ‘ஆதா கிலோ’ என்று கேட்கணும். ‘கட்டா தஹி’ என்றால் நம் காதுக்குக் கட்டித் தயிர் மாதிரி இருக்கும். அர்த்தம் புளித்த தயிர். மோருக்கு ‘சாச்’, சில வீடுகளில் ‘மட்டா’. தயிரில் கடலை மாவைக் கரைத்துக் கொதிக்கவைத்து ‘கடி’ செய்வார்கள். பதிலுக்கு நான் தேங்காயும் சீரகமும் அரைத்து நம்ம ஊர் புளிசேரி வைத்துக் கொடுத்தேன். “இதுவும் கடிதான், தேங்காய் போட்ட கடி” என்று சிரித்தார் பாபி.

இப்படி வாய்வழியாக வந்த வார்த்தைகளை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சப்பாத்தி, பூரி, ஜிலேபி எல்லாம் நம்ம வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டன. நாஞ்சில் நாட்டில் நாம் சொல்கிற ‘சீனி’யைத்தான் வடக்கேயும் ‘ச்சீனி’ என்று அழுத்திச் சொல்கிறார்கள்.

2023 மார்ச் மாதம் நடந்ததோ வேறு. தயிர் பாக்கெட்டில் ‘தஹி’ என்று போட வேண்டும், அந்தந்த மாநிலப் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் சொன்னது. கர்நாடகத்து நந்தினிக்கு ‘மொசரு’, நம்ம ஆவினுக்குத் ‘தயிர்’, இரண்டுமே அடைப்புக்குறிக்குள்! முதல்வர் ஸ்டாலின் கண்டித்தார். கர்நாடகத்திலும் எதிர்ப்பு வந்தது. மார்ச் 30-ஆம் தேதியே ஆணையம் இறங்கி வந்து, ‘கர்ட்’ என்று போட்டு, பக்கத்தில் தயிர், மொசரு, பெருகு என எந்தப் பெயரும் போடலாம் என்று அறிவித்தது.

‘தயிர்’ நேற்று வந்த சொல்லா என்ன? குறுந்தொகை 167-ஆம் பாட்டில், புதுசாகக் குடித்தனம் வந்த ஒரு பெண் தயிரைப் பிசைந்து புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்து அவள் முகம் மலர்கிறதாம். பாடியவர் கூடலூர் கிழார். அத்தனை பழைய அடுக்களைச் சொல் இது.

பெயர்ப் பிரச்சினை அதோடு முடிந்தது. எனக்கு முடியாத பிரச்சினை வீட்டிலேயே இருக்கிறது. மாமியாருக்கு 78 வயது, சர்க்கரை வியாதி. தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவார். ஆனால் பேரன் கடையில் வாங்கி வந்த தயிர்க் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏ மக்கா, இதுல சீனி போட்டிருக்கானா பாரு” என்று என்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பார்த்தால் தயிருக்கு அடுத்தபடியாக சீனிதான்! எல்லாம் கடுகு போன்ற ஆங்கில எழுத்தில். நான் வீட்டில் இல்லாத நேரம் என்றால் என்ன ஆகியிருக்கும்?

உணவு பாக்கெட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ இருந்தால் போதும் என்பதுதான் சட்டம். கூடுதலாக வேறு மொழியும் போடலாம், தடையில்லை. போடலாம் என்றுதானே இருக்கிறது, போட வேண்டும் என்று இல்லையே! சீனி, உப்பு, காலாவதி தேதி, இந்த மூன்றையாவது விற்கிற ஊரின் மொழியில் போட்டால் எத்தனை பெரியவர்களுக்கு உபகாரம்!

அதுவரைக்கும் நம்மால் ஆனதைச் செய்வோம். சேர்மானங்களை எடைப்படி, அதிகம் உள்ளதை முதலில் போட வேண்டும் என்பது விதி. ஆகவே முதல் மூன்று பெயர்களுக்குள் சீனி இருந்தால் அது இனிப்புப் பண்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ், சுக்ரோஸ் என்று போட்டிருந்தாலும் சர்க்கரைதான். ‘மீட்டா தஹி’, ‘மிஷ்டி தோய்’ என்ற பெயரில் கடையில் வருவது இனிப்புத் தயிர். ‘ஆட்டா’ கோதுமை மாவு, ‘பேசன்’ கடலை மாவு, ‘சூஜி’ ரவை. இவற்றைத் தமிழில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

எங்கள் வீட்டில் சீனிக்கான ஆங்கிலச் சொல்லை, எஸ், யு, ஜி, ஏ, ஆர் என்ற ஐந்து எழுத்தையும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாக்கெட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறார். போன வாரம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பேரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்!

- ஒரு வாசகி, மயிலாடி.