கட்டடத்துக்கு ஒரு முறை, கன்றுக்கு நித்தமும்

திருவனந்தபுரத்திலிருந்து காட்டாக்கடை வழியாகப் போனால் அகத்தியமலை அடிவாரத்தில் கோட்டூர் வரும். அங்குள்ள காப்புக்காட்டில், நெய்யாறு நீர்த்தேக்கத்தை ஒட்டி, கேரள வனத்துறை யானைகள் மறுவாழ்வு மையம் ஒன்றை நடத்துகிறது. தாயைப் பிரிந்த கன்றுகளும், அடிபட்டவையும், வயதாகி ஓய்ந்தவையும் வந்து சேரும் இடம். கொல்லம் மாவட்டம் தென்மலைப் பகுதியில் 2019இல் மீட்கப்பட்ட ஸ்ரீகுட்டி என்ற பெண் கன்று இங்கேதான் வளர்ந்தது. மறு ஆண்டு அதன் முதல் பிறந்தநாளைக் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். 2021 ஜூன் கடைசியில் அது இறந்துபோனது. அடுத்த சில நாட்களில் அர்ஜுன் என்ற கன்றும் போய்விட்டது. இரண்டையும் கொன்றது, யானைகளுக்கே உரிய ஹெர்பிஸ் வைரஸ். சுருக்கமாக ஈஈஎச்வி.

இந்த வைரஸ் எங்கிருந்தோ வந்து தொற்றுவதல்ல. வளர்ந்த ஆசிய யானைகளில் ஏறக்குறைய எல்லாவற்றின் உடலிலும் அது இருக்கிறது. நம்மில் பலருக்கு உதட்டோரம் கொப்புளமாக வந்து போகும் ஹெர்பிஸைப் போல, பெரிய யானையிடம் அது அடங்கிக் கிடக்கும். ஆபத்து கன்றுகளுக்குத்தான். பிறக்கும்போது தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருட்கள் மெல்லக் குறைந்துவரும். கன்றின் சொந்தப் பாதுகாப்போ இன்னும் உருவாகியிருக்காது. சுமார் ஒரு வயதிலிருந்து எட்டு வயது வரை நீளும் இந்த இடைவெளியில் வைரஸ் பெருகினால், ரத்தக் குழாய்களின் உட்சுவர் சிதைந்து, ரத்தம் உடலுக்குள்ளேயே கசியும். தலை வீங்கும், நாக்கு நீலம் பாரிக்கும். காலையில் விளையாடிக்கொண்டிருந்த கன்று மறுநாள் இல்லாமல் போவதும் உண்டு.

அமெரிக்காவில் வாஷிங்டன் உயிரியல் பூங்காவில் பிறந்த குமாரி என்ற கன்று 1995இல் இறந்தபோதுதான் விஞ்ஞானிகள் இந்த வைரஸைத் தேடத் தொடங்கினார்கள். 1999இல் அதை அடையாளம் கண்டு அறிவித்தார்கள். இது கூண்டில் அடைபட்ட யானைகளின் நோய் என்று நினைத்தவர்கள் உண்டு. கேரள வனத்துறையின் கால்நடை மருத்துவர் அருண் சக்கரியாவும் கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. தென்னிந்தியக் காடுகளில் சுதந்திரமாகத் திரிந்த கன்றுகளும், முகாம்களில் வளர்ந்த அநாதைக் கன்றுகளும் இதே நோயால் இறந்திருப்பதை அது காட்டியது. காடோ முகாமோ, வைரஸுக்கு வேறுபாடில்லை. ஆனால் முகாமில் நாம் தலையிட முடியும்.

எப்படி? வெளியே அறிகுறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே ரத்தத்தில் வைரஸின் அளவு ஏறத் தொடங்கிவிடும். கோவிட் காலத்தில் நாம் பழகிய அதே பிசிஆர் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். காதுக்குப் பின்னால் ஓடும் ரத்தக் குழாயிலிருந்து வாரம் ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதும். முன்கூட்டியே தெரிந்தால், மனிதர்களின் ஹெர்பிஸுக்குத் தரும் பாம்சிக்ளோவிர் மருந்தைத் தொடங்கலாம். கன்று வாயைத் திறக்காவிட்டால் ஆசனவாய் வழியாகவும் செலுத்தலாம். பெரிய யானைகளின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து உறையவைத்த பிளாஸ்மா கையிருப்பில் இருந்தால், அதையும் ஏற்றலாம். ஒரு வயது முதல் எட்டு வயது வரை வாரம் ஒரு பரிசோதனை என்றால், ஒரு கன்றுக்கு 364 முறை ஊசி. ஒவ்வொரு முறையும் அது முரண்டு பிடிக்காமல் காதை நீட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தினமும் பக்கத்தில் இருந்து பொறுமையாக ஏற்படுத்துகிறவர் பாகன்தான்.

பால் கதை இன்னும் வியப்பானது. முதல் இரண்டு ஆண்டுகள் பால் இல்லாமல் யானைக்கன்று பிழைக்காது. பசும்பாலின் கொழுப்பு அதற்குச் செரிக்காது. வயிற்றுப்போக்கே உயிரை வாங்கிவிடும். கென்யாவில் அநாதைக் கன்றுகளை வளர்த்த டாப்னி ஷெல்ட்ரிக் பல ஆண்டுகள் தோற்று, 1974இல் ஆயிஷா என்ற பச்சிளம் கன்றைப் பிழைக்க வைத்தார். கை கொடுத்தது, தேங்காய் எண்ணெய் சேர்ந்த குழந்தைகளுக்கான பால் மாவு. காரணம் வேதியியலில் இருக்கிறது. யானைப்பாலின் கொழுப்பில் காப்ரிக், லாரிக் அமிலங்கள் மிகுதி. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம்தான்.

ஆனால் பால் மட்டும் போதவில்லை. மகளின் திருமணத்துக்காக டாப்னி சில நாட்கள் வெளியூர் போயிருந்தபோது, ஆயிஷா ஏங்கிப்போய் உண்ண மறுத்தது. அவர் திரும்பியும் காப்பாற்ற முடியவில்லை. அதன் பிறகு ஒரே ஆளிடம் ஒட்டிக்கொள்ளாதபடி, கன்றுகளைப் பலர் முறைவைத்து வளர்க்கும் வழக்கத்தை அவர் கொண்டுவந்தார். இரவிலும் கன்றுக்குப் பக்கத்தில் ஒருவர் படுத்துக்கொள்வார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் என்று வைத்தால், இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,800 முறை புட்டியைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பல சம்பளங்கள் தேவை.

இப்போது பணத்துக்கு வருவோம். கோட்டூர் மையத்தை விரிவாக்க, கேரள உட்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பியின் உதவியோடு 108 கோடி ரூபாய்த் திட்டம் தீட்டப்பட்டது. 176 ஹெக்டேரில், இயற்கைச் சூழலில் 50 யானைகள், மருத்துவமனை, அருங்காட்சியகம், பாகன்களுக்குப் பயிற்சி மையம் என்று அது விரிந்தது. சிமெண்ட் தரையில் கட்டிப்போடப்பட்ட யானையின் பாதம் புண்ணாகும். மண்ணில் நடக்க இடம் கொடுப்பதே பாதி வைத்தியம் என்பதால், நிலத்துக்கும் வேலிக்கும் போகும் பணம் வீணல்ல. ஆனால் உட்கட்டமைப்பு நிதி என்பது இயல்பிலேயே ஒரு முறை கட்டி முடிக்கும் வேலைக்கானது. 364 ஊசிகளும் 5,800 புட்டிகளும் ஆண்டுக்கணக்கில் தொடரும் செலவு.

விலங்குக் காப்பகங்களுக்கு மானியம் தரும் அமைப்புகள் இந்த வேறுபாட்டை அறியாதவை அல்ல. 1962இல் ருக்மிணி தேவி அருண்டேலின் தலைமையில் தொடங்கிய இந்திய விலங்குகள் நல வாரியம், கொட்டகை கட்டவும் ஆம்புலன்ஸ் வாங்கவும் தனித்தனி மானியம் வைத்திருக்கிறது. பராமரிப்புச் செலவுக்கு வேறொரு மானியம். தமிழ்நாடு அரசு 2023இல் தெப்பக்காடு, கோழிகமுத்தி யானை முகாம்களின் பாகன்களும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளுமாக 91 பேருக்குத் தலா ஒரு லட்ச ரூபாயும், அவர்களுக்கு வீடு கட்ட 9.10 கோடி ரூபாயும் அறிவித்தது. யானையைக் கவனிக்கிறவரின் கூரையும் யானைப் பராமரிப்பில் சேர்த்தி என்று ஏற்றுக்கொண்ட செலவு அது.

2024இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் உயிரியல் பூங்காவில் டெஸ் என்ற யானைக்கு ஈஈஎச்விக்கு எதிரான எம்ஆர்என்ஏ தடுப்பூசி முதன்முதலாகப் போடப்பட்டது. நாளை அது கோட்டூருக்கு வந்தாலும், குளிர்பதனப் பெட்டியும், ஊசிக்கு அசையாமல் நிற்கப் பழகிய கன்றும், அதைப் பழக்கிய ஆளும் இருந்தால்தான் பயன்படும். ஆகவே காப்பகத்துக்குப் பணம் கொடுக்கும் எவரும், அது அரசாக இருந்தாலும் நூறு ரூபாய் நன்கொடையாளராக இருந்தாலும், திறப்பு விழாத் தேதியைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். போன வாரம் ரத்தம் பரிசோதித்தீர்களா? பிளாஸ்மா இருப்பில் இருக்கிறதா? இன்று இரவு கன்றோடு யார் படுக்கிறார், அவருக்கு இந்த மாதச் சம்பளம் கிடைத்துவிட்டதா?