பொன்னிறப் பூச்சு உரியும் கதை

ஹார்டுவேர் கடையில் டிரில் பிட் கேட்டால், கறுப்பு ரகத்தோடு தங்க நிறத்தில் பளபளக்கும் ஒன்றையும் எடுத்துப் போடுவார்கள். அதில் பொட்டுத் தங்கம் கிடையாது. அது டைட்டானியம் நைட்ரைடின் நிறம். வெற்றிடக் கலத்துக்குள் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனைச் செலுத்தி, சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கின் மேல் படியவிடுகிறார்கள். தடிமன் 2 முதல் 4 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடினமோ விக்கர்ஸ் அளவில் 2000-க்கு மேல். அடியில் இருக்கும் ஹை ஸ்பீடு உருக்கு 900-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

இவ்வளவு கெட்டியான பூச்சு ஏன் போகிறது? உரசி உரசித் தேய்வதால் என்று தோன்றும். தேய்மானமும் உண்டுதான். ஆனால் பல சமயம் தேய்ந்து முடியுமுன்பே அது செதில் செதிலாகப் பெயர்ந்துவிடுகிறது.

இதைப் பார்க்க ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. 120 டிகிரிக் கூம்பாகச் செதுக்கி, நுனியை 200 மைக்ரான் ஆரத்துக்கு உருட்டிவிட்ட வைரத்தைப் பூச்சின் மேல் வைத்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க எடை கூடும். கூடவே ஓர் உணர்கருவி, பூச்சு விரிசல் விடும் ஓசைக்காகக் காத்திருக்கும். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் தடத்தின் தொடக்கம் வழவழப்பாக இருக்கிறது. சற்றுத் தள்ளிப் பிறை பிறையாக மெல்லிய கோடுகள். இன்னும் தள்ளி, ஓரங்களில் சில்லுகள் தெறித்திருக்கின்றன. கடைசியில் நடுத்தடத்தில் உருக்கின் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது. பூச்சு எந்த எடையில் விட்டுக்கொடுத்ததோ, அதுவே அதன் எல்லை எடை.

சுவாரசியம் இனிமேல்தான். அந்த எல்லைக்கு வெகு கீழே, பாதி எடையிலேயே இழுங்கள், ஒன்றும் ஆகாது. அதே தடத்தில் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் அங்கேயும் பூச்சு பெயர்கிறது. ஏரிச் சேற்றின் மேல் காய்ந்த ஏட்டில் கால் வைத்ததுபோல, அடியில் இருக்கும் உருக்கு அமுங்க, வளையத் தெரியாத பூச்சு வளைய வேண்டியதாகிறது. வைரத்துக்கு முன்னால் அது நெருக்கப்படுகிறது, பின்னால் இழுபடுகிறது. ஒவ்வொரு முறையும் விரிசல் கொஞ்சம் நீள்கிறது. பக்கத்து விரிசலோடு சேர்ந்ததும் ஒரு சில்லு கழன்றுவிடும். கழன்ற சில்லும் சும்மா இருக்காது. உருக்கைவிடக் கடினமான அந்தத் துகள் இடையில் சிக்கி, மிச்சத்தையும் கீறும்.

அப்படியானால் தடிமனாகப் பூசினால் என்ன? படியும்போதே பூச்சுக்குள் அழுத்தம் இறுகிக் கிடக்கிறது. கனம் கூடக் கூட உள்ளே தேங்கும் ஆற்றலும் கூடி, எவரும் கீறாமலே உரிந்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே விவரமான தயாரிப்பாளர்கள் அடித்தளத்தைக் கவனிக்கிறார்கள். நைட்ரஜனை உருக்கின் மேல்தோலுக்குள் ஊறவிட்டு அதை முதலில் கெட்டிப்படுத்துகிறார்கள். பிடிப்புக்காக இடையே மெல்லிய டைட்டானிய அடுக்கு ஒன்றையும் இடுகிறார்கள். இதில் எதுவும் கடையில் கண்ணுக்குத் தெரியாது. நிறத்தை மட்டும் பார்த்துக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மழுங்கிய பிட்டைச் சாணை பிடித்தால் நுனியில் பூச்சு போய்விடும். அதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சுருள் பள்ளத்தில் பூச்சு மிஞ்சியிருக்கும்வரை உலோகச் சீவல் ஒட்டாமல் வழுக்கி வெளியேறும். துளையும் அதிகம் சூடாகாது.