தாம்பரத்திலிருந்து நம் பிரெஞ்சுக் கரைக்கு

கேரவன் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏ.சி. வண்டி. பிரான்சில் அது சாதாரணக் குடும்பத்தின் சொத்து. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் குட்டி வீடு அது. இரண்டு பேர் படுக்க இடம், ஓர் அடுப்பு, ஒரு தொட்டித் தண்ணீர் இருக்கும். 1936-இல் அங்கே தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானது. ஓட்டலுக்குச் செலவழிக்க முடியாதவர்கள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் கேரவனும் பின்னாளில் பரவியது. கரையோர ஊர்களில் நகராட்சியே நடத்தும் முகாம் திடல்கள் உண்டு. குழாய்த் தண்ணீர், கரண்ட், குளியலறை, கழிவறை எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு கணவனும் மனைவியும் பத்து நாள் நிம்மதியாகக் கடலோரம் இருக்க முடிகிறதென்றால் அந்தத் திடல்தான் காரணம்.

நம்மிடம் அந்தத் திடல் இல்லை. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்தது. நம் ஈ.சி.ஆரில் ஒரு வண்டியை நிறுத்திக் குளித்து, சமைத்து, தூங்க இடம் தேடினால் ரிசார்ட் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அதனால் செம்பாக்கத்திலிருந்து கிளம்பும் நானும் என் கணவரும் பாதிக் கேரவன் வாழ்க்கை வாழ்கிறோம். பகல் முழுக்கக் காரும் பாயும் மடக்கு நாற்காலியும் தூக்குவாளியும், இரவுக்கு மட்டும் ஓர் அறை. மே மாதத்தில் இப்படிப் போக விரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் வெயிலைத் தேடிக் கடலுக்குப் போகிறார்கள், நாம் வெயிலுக்குப் பயந்து போகிறோம். கத்திரி நாட்களில் காலையில் நம் பக்கம் வீசுவது மேற்கேயிருந்து வரும் தரைக்காற்று. அதற்குத் தமிழில் கோடை என்றே பெயர். வெயில் ஏற ஏறத் தரை சீக்கிரம் சுடுகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகும். சுட்ட காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கிழக்கேயிருந்து கடல்காற்று உள்ளே வருகிறது. அது கொண்டல். உச்சிவேளையை ஒட்டியே அது கரையைத் தொட்டுவிடும். கடலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தாம்பரத்துக்கு வந்துசேர இன்னும் நேரம் பிடிக்கும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல்காற்று சாயங்காலம் வரை உள்ளே நுழையவே முடியாது. நாம் வெந்துபோகும் நாட்கள் அவைதான்.

எனவே, வெளியில் சுற்றுவதெல்லாம் காலை எட்டரைக்குள் முடிய வேண்டும். பதினொன்றிலிருந்து மூன்று வரை நிழலில் படுக்க வேண்டும். நாங்கள் விடிகாலை நாலரைக்குக் கிளம்பி வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாக ஈ.சி.ஆர். பிடிப்போம். மாமல்லபுரத்தில் நிற்பதில்லை. நேரே கடப்பாக்கம், அங்கே ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் இது பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்தது, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். நம் பிரெஞ்சுக் கரை எனக்கு இங்கேயே தொடங்கிவிடுகிறது. உடைந்த சுவரில் மெல்லிய செங்கல், நடுவே சுண்ணாம்புக் காரை. விரலால் தடவினால் காரைக்குள் கிளிஞ்சல் துணுக்குகள் தட்டுப்படும். சுவருக்குக் கீழே உப்பங்கழியில் படகுகள். கோட்டைக்குள் நிழல் கிடையாது, ஏழரைக்கு மேல் நிற்காதீர்கள்.

அடுத்து மரக்காணம் உப்பளம். நாம் காரில் கடக்கும்போதே அங்கே வேலை பாதி முடிந்திருக்கும், ஏனென்றால் வெயிலுக்கு முந்த உப்பளத் தொழிலாளர்கள் இருட்டோடு இருட்டாக இறங்கிவிடுகிறார்கள். படம் எடுக்கப் பாத்தி வரப்பில் ஏறாதீர்கள், மண் சரிந்தால் அவர்களுடைய உழைப்பு வீண். சாலையோரம் நுங்கு கிடைக்கும் பருவம் இது. சீவிய காயின் மூன்று கண்ணிலும் கட்டைவிரலை விட்டு, வழியும் தண்ணீரோடு உறிஞ்சிக் குடித்தால் பிற்பகல் வரை தாங்கும்.

மீன் வாங்குவதாக இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, சிறு படகுகள்தான் போகும். கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் அன்றைக்குப் பிடித்தது. படகு ஏற்றி வலை காயவைக்கும் மணலில் பாய் விரிக்காதீர்கள். அது மீனவர்களுடைய பட்டறை.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கதவை மூடி, இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யில் தூங்கவே தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு அவர்களைக் கொன்றது. கார் இன்ஜின் புகையிலும் அதே வாயுதான். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கண்ணாடியை இறக்கி மரநிழலில் படுங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும்.

புதுச்சேரிக்கு மாலையில் போய்ச் சேருங்கள். 1674-இல் பிரெஞ்சுக்காரர்கள் காலூன்றி, 1954 நவம்பர் 1-இல் ஆட்சியை விட்டுக்கொடுத்த ஊர். மாலையானதும் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், ஊரே நடக்கும். கரையில் ஏன் இவ்வளவு கருங்கல் என்று கேட்பீர்கள். 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புகள், வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டன. ஊருக்கு முன்னால் இருந்த மணல்வெளியைக் கடல் தின்றது. பின்னர் கடலுக்குள் தடுப்பு அமைத்த பிறகு ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. அந்த மணலில் கால் வைக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. குளிக்க மட்டும் இறங்காதீர்கள், இந்தக் கரை முழுக்கவே உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு.

திரும்புவதும் விடிகாலையில்தான். போனமுறை ஒன்பதுக்குள் வீடு வந்து, துவைத்த துணியை மாடியில் உலர்த்தினேன். மதியம் சாப்பாடு முடிந்த பின்னும் அவை கிழக்குப் பக்கமாகவே ஆடிக்கொண்டிருந்தன. இரண்டே முக்காலுக்கு மேலேயிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்: “ஏம்மா, காத்து திரும்பிடுச்சு, மேல வா.”