உள்ளூர் விளையாட்டுப் போட்டிகளில் தேசிய, சமயச் சடங்குகள்

உள்ளூர் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்கத்திலும் நிறைவிலும் கொடியேற்றம், தமிழ்த்தாய் வாழ்த்து, நாட்டுப்பண், உறுதிமொழி, பூசை, தேங்காய் உடைத்தல், மௌன அஞ்சலி முதலிய செயல்கள் இடம்பெறுகின்றன. இவற்றுள் சில நாட்டுக்கும் மாநிலத்துக்கும் மரியாதை செலுத்துபவை. சில சமய நம்பிக்கையைச் சார்ந்தவை. வேறு சில விளையாட்டின் மரபிலிருந்தே வந்தவை. அரை மணி நேரத்துக்குள் ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து நடப்பதால் இவை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை போலத் தோன்றும். ஆனால் சட்டத்தின் பார்வையில் இவை வெவ்வேறானவை. தேசியக் கொடியையும் நாட்டுப்பண்ணையும் அவமதிப்பது குற்றம். பூசையில் கலந்துகொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். இந்த வேறுபாடு தெளிவாக இருக்கும் மைதானத்தில்தான் எல்லாச் சமயத்தினரும், எச்சமயமும் சாராதவரும் ஒரே அணியில் தயக்கமின்றி விளையாட முடியும். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை இச்சடங்குகள் பலவும் ஒருங்கே கலந்து காணப்படும் இடங்கள்.

பகுதியின் பின்னணி

ஆவடி படைத்துறை சார்ந்த ஊர். கனரக வாகனத் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை மையம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படைப் பிரிவுகள், விமானப்படை நிலையம் ஆகியவை இங்கு உள்ளன. 1955 சனவரியில் இந்திய தேசிய காங்கிரசின் மாநாடு நடைபெற்றதும் இங்கேதான். 2019இல் ஆவடி மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. படைக் குடியிருப்புகளில் நாட்டின் பல மாநிலங்களைச் சேர்ந்த குடும்பங்கள் வாழ்கின்றன. சீருடை அணிவகுப்பும் கொடி வணக்கமும் அவர்களுக்கு அன்றாடப் பழக்கம்.

அம்பத்தூர் 1960களில் உருவான தொழிற்பேட்டையால் வளர்ந்த ஊர்; 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆலைகளில் எந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கொண்டாடும் ஆயுத பூசை இங்கு பெரிய விழா. பூந்தமல்லி வைணவ அடியாரான திருக்கச்சி நம்பிகளுடன் தொடர்புடைய பழைய ஊர். அருகில் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலும் மாங்காடு காமாட்சியம்மன் கோயிலும் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலும் உள்ளன. தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் இப்பகுதி முழுவதும் உண்டு. இவ்வாறு படைமுகாம், தொழிற்சாலை, வழிபாட்டிடம் ஆகிய மூன்றின் பழக்கங்களும் இங்குள்ள விளையாட்டுத் திடல்களில் வந்து சேர்கின்றன.

நிகழ்ச்சி வரிசை

தமிழ்நாட்டில் பள்ளி விளையாட்டு விழாக்களுக்குப் பொதுவானதொரு வரிசை உண்டு. முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து, பின்னர் கொடியேற்றம், அணிவகுப்பு, ஒலிம்பிக் சுடரை ஏந்தி வருதல், வீரர் உறுதிமொழி, சிறப்பு விருந்தினர் உரை, போட்டிகள், பரிசளிப்பு, இறுதியில் நாட்டுப்பண் என அது அமையும். பள்ளிகளுக்கிடையே நடைபெறும் போட்டிகளுக்கே குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள், பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் என்றுதான் பெயர். குறுவட்ட அளவில் தொடங்கி மாநில அளவு வரை அவை நடைபெறுகின்றன.

தெருக் கிரிக்கெட், மின்னொளி கபடி, கைப்பந்து போன்ற இளைஞர் மன்றப் போட்டிகளில் வரிசை இவ்வளவு இறுக்கமாக இருப்பதில்லை. அம்பேத்கர், பெரியார், பகத்சிங், நேதாஜி, பாரதி போன்றோர் பெயரில் இயங்கும் மன்றங்கள் தம் தலைவரின் படத்துக்கு மாலை அணிவித்துத் தொடங்கும். மறைந்த விளையாட்டு வீரர் அல்லது நண்பர் ஒருவரின் நினைவாகக் கோப்பை வழங்கப்படுமானால், அவர் படத்துக்கு மலர் தூவி மௌன அஞ்சலி செலுத்துவர். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவதும், அவர் வீரர்களுடன் கைகுலுக்கி நாணயத்தைச் சுண்டிவிடுவதும் ஏறத்தாழ எல்லாப் போட்டிகளிலும் உண்டு.

தேசியக் கொடி

1950 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள அரசியலமைப்பில், கொடியையும் நாட்டுப்பண்ணையும் மதித்தல் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தின் மூலம் அடிப்படைக் கடமையாகச் சேர்க்கப்பட்டது. கொடியைப் பயன்படுத்தும் முறையை 2002 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு விளக்குகிறது. இதில் விளையாட்டுப் போட்டிகளுக்கு நேரடியாகப் பொருந்தும் விதிகள் பல.

கொடியின் நீள அகல விகிதம் 3:2. ஏற்றும்போது விரைவாகவும் இறக்கும்போது மெதுவாகவும் செய்தல் வேண்டும். கொடி தரையில் படக் கூடாது. அதன்மீது எதுவும் எழுதக் கூடாது. மேசை விரிப்பாகவோ தோரணமாகவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரே கம்பத்தில் தேசியக் கொடியுடன் மன்றக் கொடியையோ கட்சிக் கொடியையோ ஏற்றக் கூடாது. சிறப்பு நாள்களில் கொடிக்குள் மலரிதழ்களை வைத்துக் கட்டி, விரியும்போது உதிரச் செய்வதற்குத் தடையில்லை.

முக்கியமான தேசிய, பண்பாட்டு, விளையாட்டு நிகழ்ச்சிகளில் பொதுமக்கள் காகிதக் கொடிகளை அசைக்கலாம் என்று விதித்தொகுப்பு அனுமதிக்கிறது. அதே விதி, நிகழ்ச்சி முடிந்தபின் அவற்றைத் தரையில் எறியக் கூடாது, தனியிடத்தில் மதிப்புடன் அகற்ற வேண்டும் என்றும் கூறுகிறது. திடல்களில் பெரும்பாலும் மீறப்படுவது இவ்விதியே. 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, ஆடையில் இடுப்புக்குக் கீழ் கொடியைப் பயன்படுத்தக் கூடாது. 2021 டிசம்பரில் பாலியெஸ்டர் துணியாலும் எந்திரத்தாலும் ஆன கொடிகளுக்கு இசைவு தரப்பட்டது. 2022 சூலையில், திறந்த வெளியிலும் பொதுமக்களின் வீடுகளிலும் இரவிலும் கொடி பறக்கலாம் என்று விதி மாற்றப்பட்டது. அதற்கு முன்பு சூரியன் மறையும்போது கொடியை இறக்கிவிட வேண்டும் என்பதே பொது விதி.

நாட்டுப்பண்ணும் தமிழ்த்தாய் வாழ்த்தும்

நாட்டுப்பண் 1950 சனவரி 24இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. முழு வடிவத்தைப் பாட ஏறத்தாழ 52 நொடிகள் ஆகும். தேசிய மதிப்புக்கு அவமதிப்பு செய்தலைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டுப்பண் பாடப்படுவதை வேண்டுமென்றே தடுப்பதற்கும், பாடும் கூட்டத்தில் குழப்பம் விளைவிப்பதற்கும் மூன்றாண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. வாய் திறந்து பாடாமல் இருப்பதை அச்சட்டம் குற்றமாகச் சொல்லவில்லை.

தமிழ்த்தாய் வாழ்த்து, பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் நாடகத்திலிருந்து எடுக்கப்பட்ட பகுதி. 1970இல் அரசு விழாக்களுக்கான பாடலாக ஏற்கப்பட்டது. எம். எஸ். விசுவநாதன் மோகன ராகத்தில் இசையமைத்தார். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இது ஒரு வாழ்த்துப் பாடலே, நாட்டுப்பண் போன்றது அன்று, எழுந்து நிற்க வேண்டும் என்ற சட்டமோ ஆணையோ இல்லை என்று கூறியது. அதே மாதம் 17ஆம் நாள் தமிழ்நாடு அரசு இதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 நொடிகளில் பாடப்பட வேண்டும் என்றும், பாடும்போது மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

சமயச் சடங்குகள்

புதிய ஆடுகளம் அமைக்கும்போதும் தொடரின் முதல் நாளிலும் சிலர் சூடம் ஏற்றித் தேங்காய் உடைப்பர். திருஷ்டி கழிப்பதற்காகப் பூசணிக்காய் உடைப்பதும் எலுமிச்சை வைப்பதும் உண்டு. ஆயுத பூசையன்று கிரிக்கெட் மட்டைக்கும் சிலம்பக் கம்புக்கும் சந்தனம், குங்குமம் இடுவர். கிறித்தவ இளைஞர் குழுக்கள் நடத்தும் போட்டிகள் செபத்துடன் தொடங்கும். வீரர்கள் சிலுவைக் குறியிட்டுக்கொண்டு களமிறங்குவர். இசுலாமிய வீரர்கள் துஆ கேட்டுத் தொடங்குவதையும், வெற்றி பெற்றதும் நெற்றி தரையில் படத் தொழுவதையும் காணலாம்.

எச்சமயத்துக்கும் உரியதென்று சொல்ல முடியாத செயல்களும் உண்டு. கபடி வீரர் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு களத்தில் நுழைகிறார். சிலம்பம் ஆடுவோர் மண்ணைத் தொட்டு, ஆசானை வணங்கி, சலாம் வரிசை போட்டுத் தொடங்குகின்றனர். ஒருவருக்கு இது வழிபாடு. மற்றொருவருக்கு ஆசானுக்கும் களத்துக்கும் காட்டும் மரியாதை. இச்செயலைச் செய்யும் இருவர் வேறு வேறு பொருளைக் கொள்வதற்கு இதில் இடமிருக்கிறது. அதனால்தான் இது பூசலுக்கு இடமின்றி நீடிக்கிறது.

கோயில் விழாவோடு பிறந்த விளையாட்டுகள்

சில விளையாட்டுகளில் சடங்கைத் தனியாகப் பிரிக்கவே முடியாது. கிருட்டிண செயந்தியின்போது நடைபெறும் உறியடியும் வழுக்குமரம் ஏறுதலும் விழாவின் பகுதிகளே. மதுரை மாவட்டம் அலங்காநல்லூர், பாலமேடு சல்லிக்கட்டுகளில் முகூர்த்தக்கால் நடுதல் முன்னதாக நடைபெறும். போட்டியன்று வாடிவாசலிலிருந்து முதலில் வரும் கோயில் காளைகளை யாரும் பிடிப்பதில்லை. அதே களத்தில் மாடுபிடி வீரர்கள் உறுதிமொழி ஏற்பதும், விருந்தினர் கொடியசைத்துத் தொடங்கி வைப்பதும் நடைபெறுகின்றன. பழைய சடங்கும் புதிய அரசு முறையும் இங்கு அடுத்தடுத்து நிற்கின்றன.

கோயிலோடு இணைந்த போட்டிகளில் முதல் மரியாதை யாருக்கு என்பதும் எழும் கேள்வி. பரிவட்டமும் மாலையும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு சாதிக்கோ உரியவை என்று கொள்ளப்படும்போது, சடங்கு சிலரை உயர்த்திப் பிறரை ஒதுக்குவதாகிவிடுகிறது. கோயில் மரியாதை குறித்த வழக்குகள் தமிழ்நாட்டில் பலமுறை நீதிமன்றம் வரை சென்றுள்ளன.

பிற நாடுகளில்

விளையாட்டில் தேசிய, சமயச் சடங்குகள் உலகெங்கும் உள்ளன. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் பேஸ்பால் இறுதித் தொடரில், முதல் உலகப் போர்க் காலத்தில், பின்னாளில் நாட்டுப்பண்ணாகிய பாடல் இசைக்கப்பட்டது. அப்பாடல் சட்டப்படி நாட்டுப்பண் ஆனது 1931இல்தான். ஒலிம்பிக் வீரர் உறுதிமொழி முதன்முதலில் 1920இல் ஆண்ட்வெர்ப் நகரில் எடுக்கப்பட்டது. சுடர் ஓட்டம் 1936இல் பெர்லின் போட்டிகளுக்காகத் தொடங்கியது. இன்று ஆவடிப் பள்ளி மாணவர் ஏந்தி வரும் சுடரும் கூறும் உறுதிமொழியும் அங்கிருந்து வந்தவையே.

தாய்லாந்தின் முவே தாய் வீரர் ஆசானை வணங்கும் ஆட்டம் ஆடிய பின்னரே மோதுகிறார். ஜப்பானிய சுமோ மல்லர் களத்தில் உப்பைத் தூவித் தூய்மை செய்கிறார். சுமோ களத்தில் பெண்கள் காலடி வைக்கக் கூடாது என்ற மரபும் உண்டு. 2018 ஏப்ரலில் மைட்சுரு நகரில், களத்தின்மேல் உரையாற்றிய நகரத் தலைவர் மயங்கி விழுந்தார். முதலுதவி செய்ய ஏறிய பெண்களைக் களத்தை விட்டு இறங்குமாறு நடுவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். பின்னர் சுமோ சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். சடங்கு மனிதரை விடப் பெரிதாகும்போது என்ன நேரும் என்பதற்கு இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டு.

மரியாதையும் கட்டாயமும்

இந்தியாவில் இது குறித்த முதன்மையான தீர்ப்பு 1986 ஆகத்து 11இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம் வழக்கின் தீர்ப்பாகும். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண் இசைக்கப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர். ஆனால் தம் நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. எழுந்து நிற்பதே உரிய மரியாதை என்றும், பாடுமாறு கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை என்றும் கூறி, அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள நீதிமன்றம் ஆணையிட்டது.

நாட்டுப்பண்ணுக்கே இந்த அளவுகோல் என்றால், சமய வழிபாட்டில் கட்டாயத்துக்கு இடமே இல்லை. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் மனச்சான்றின் உரிமையை அளிக்கிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில் பயிலும் மாணவரை, அவருடைய இசைவின்றி, சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவின்றி, வழிபாட்டில் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்று 28ஆவது பிரிவு கூறுகிறது. இது மாணவரின் நம்பிக்கையை மட்டுமன்றி நம்பிக்கையின்மையையும் காக்கிறது.

சட்டம் இவ்வாறு இருந்தாலும், திடலில் அழுத்தம் வேறு வடிவில் வருகிறது. அணி முழுவதும் திருநீறு பூசிக்கொள்ளும்போது ஒருவர் மட்டும் விலகி நின்றால், தோல்விக்கு அவரே காரணம் என்று கேலி பேசுவதுண்டு. பதினான்கு வயது மாணவருக்கு நீதிமன்றத் தீர்ப்பை விட அணித் தலைவரின் பார்வையே பெரிது. அடுத்த ஆட்டத்தில் தன்னைச் சேர்க்க மாட்டார்களோ என்ற அச்சத்தில் அவர் தலையை நீட்டினால், அது வழிபாடு ஆகாது. இதைத் தடுப்பது பயிற்சியாளரின் பொறுப்பு.

போட்டி நடத்துவோர் கவனிக்க வேண்டியவை

அனைவருக்கும் பொதுவான நிகழ்ச்சிகளையும் சிலருக்கு மட்டும் உரிய வழிபாட்டையும் நேரத்தால் பிரித்துவிடலாம். பூசையோ செபமோ செய்ய விரும்புவோர் அணிகள் அழைக்கப்படுவதற்கு முன்பே அதை முடித்துக்கொண்டால், யாரும் விலகி நிற்க வேண்டிய நிலை வராது. கொடியேற்றம், தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, நாட்டுப்பண் ஆகியவற்றை எல்லோரும் கூடியபின் நடத்தலாம்.

உறுதிமொழியின் சொற்கள் எந்தக் கடவுளின் பெயரையும் சாராமல், விதிகளை மதிப்பேன், நேர்மையாக விளையாடுவேன் என்ற அளவில் இருப்பது நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை, ஞாயிறு காலைத் திருப்பலி, ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரம் ஆகியவற்றை அட்டவணை போடும்போதே கருத்தில் கொள்ளலாம். உடைத்த தேங்காய் ஓடும் பூசணித் துண்டும் எலுமிச்சையும் களத்தில் கிடந்தால் வெறுங்காலுடன் ஆடும் கபடி வீரருக்குக் காயம் ஏற்படும். எனவே ஆட்டத்துக்கு முன் அவற்றை அகற்றுவது கட்டாயம். ஆட்டம் முடிந்தபின் காகிதக் கொடிகளைச் சேகரிக்க இருவரை முன்கூட்டியே அமர்த்திக்கொள்ள வேண்டும்.