63-ஆம் செக்டர்

பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுகிறவர் க்ளோன் மென்பொருளிடம் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரு பைட்கூட மாறக் கூடாது. கோப்புகளைப் பொறுத்தவரை இது நியாயமே. ஆனால் பார்ட்டிஷன் டிஸ்க்கின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதையும் மாற்றாமல் நகலெடுத்தால், பழைய டிஸ்க்கின் கணக்கைப் புது டிரைவின் தலையில் கட்டிவிடுகிறோம். தொடக்க இடம் என்பது டிஸ்க்கின் உள்ளமைப்பைப் பற்றி எப்போதோ செய்த ஓர் அனுமானம். டிஸ்க் மாறும்போது அதையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் வாதம்.

அந்த அனுமானம் ஐ.பி.எம். பி.சி. காலத்தது. அன்றைய பயாஸ் டிஸ்க்கின் ஓர் இடத்தைச் சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களால் குறித்தது. செக்டர் எண்ணுக்குக் கிடைத்தது 6 பிட். எண்ணிக்கை 1-இல் தொடங்கும். ஆகவே ஒரு டிராக்குக்கு அதிகபட்சம் 63 செக்டர். முதல் டிராக்கின் முதல் செக்டரில் மாஸ்டர் பூட் ரெக்கார்டை (எம்.பி.ஆர்.) வைத்து, அந்த டிராக்கின் மிச்சத்தைக் காலியாக விட்டு, அடுத்த டிராக்கில் முதல் பார்ட்டிஷனைத் தொடங்குவது வழக்கமாயிற்று. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது 63-ஆம் செக்டர். பின்னால் வந்த டிஸ்க்குகளில் வெளிவட்டத்தில் அதிக செக்டர், உள்வட்டத்தில் குறைந்த செக்டர் என்று அமைப்பே மாறிவிட்டது. 63 என்பது பயாஸுக்காக மட்டும் சொல்லப்பட்ட எண்ணாகிவிட்டது. ஆனாலும் விண்டோஸ் எக்ஸ்பி வரை அதே இடம்தான். 512 பைட் செக்டர் கொண்ட தனி டிஸ்க்கில் இதனால் கெடுதல் எதுவும் இல்லை என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

எஸ்.எஸ்.டி.யில் கெடுதல் உண்டு. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும் அலகு பேஜ். அது 4, 8, 16 கேபி என்ற அளவுகளில் வருகிறது. எழுதிய பேஜின் மேல் மறுபடி எழுத முடியாது. பல பேஜ்கள் சேர்ந்த பிளாக்கை முழுவதும் அழித்தால்தான் அந்த இடம் மீண்டும் பயன்படும். அதனால் டிரைவின் கன்ட்ரோலர் மாறிய தரவை வேறொரு காலி பேஜில் எழுதிவிட்டு, எது எங்கே போயிற்று என்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்கிறது. அந்த அட்டவணையின் அலகு பெரும்பாலும் 4 கேபி, அதாவது 8 செக்டர். விண்டோஸின் கோப்பு முறையான என்.டி.எஃப்.எஸ். இடம் ஒதுக்கும் அலகான கிளஸ்டரும் வழக்கமாக அதே அளவுதான். செக்டர்களை எட்டு எட்டாகப் பிரித்துப் பாருங்கள்: 56 முதல் 63 வரை ஓர் அலகு, 64 முதல் 71 வரை அடுத்த அலகு. 63-இல் தொடங்கும் கிளஸ்டரின் ஒரு செக்டர் முந்தைய அலகின் கடைசியில் விழுகிறது. மீதி ஏழு அடுத்த அலகில். அதற்குப் பின்வரும் கிளஸ்டர்கள் அத்தனையும் இப்படியே இரண்டு அலகுகளில் கால் வைத்து நிற்கின்றன. 4 கேபியைத் திருத்த, கன்ட்ரோலர் இரண்டு அலகுகளைப் படித்து, மாற்றி, 8 கேபி எழுத நேர்கிறது. ரெஜிஸ்ட்ரி, லாக், பிரவுசர் கேஷ் என்று சிறுசிறு எழுதும் வேலைகள் ஓயாமல் நடக்கும் பூட் டிரைவில் வேகமும் குறையும், ஃபிளாஷின் தேய்மானமும் கூடும்.

கன்ட்ரோலர்தான் எல்லாவற்றையும் இடம் மாற்றி வைக்கிறதே, பார்ட்டிஷன் எங்கே தொடங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கன்ட்ரோலர் மாற்றுவது முழு அலகுகளின் இடத்தை. அலகுக்கு உள்ளே ஒரு செக்டர் தள்ளி நிற்பதை அது நேராக்குவதில்லை. பெரிய கோப்பை ஒரே வீச்சில் எழுதும்போது இரு முனைகளில் மட்டுமே சேதாரம் என்பது உண்மைதான். ஆனால் பூட் டிரைவின் வேலை பெரும்பாலும் அப்படிப்பட்டதல்ல. விஸ்டா முதல் விண்டோஸ் 2048-ஆம் செக்டரில், அதாவது சரியாக 1 எம்பி தள்ளித் தொடங்குகிறதே என்பது இன்னொரு மறுப்பு. விண்டோஸ் தானே புதிதாகப் பிரித்த டிஸ்க்குக்கு அது பொருந்தும். எக்ஸ்பி பிரித்து வைத்த பார்ட்டிஷனிலேயே விண்டோஸ் 7-ஐ நிறுவியிருந்தால் பழைய 63 அங்கேயே இருக்கும்; செக்டர் செக்டராக எடுத்த க்ளோனும் அதையே சுமந்து வரும். இது எஸ்.எஸ்.டி.க்கு மட்டுமான சிக்கலும் அல்ல. 4 கேபி செக்டர் கொண்ட ஹார்ட் டிஸ்க்குகள் 2010 வாக்கில் வந்தபோது, எக்ஸ்பி பயனாளர்களுக்காக பார்ட்டிஷனை நகர்த்தும் கருவியை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனமே வெளியிட்டது.

வலுவான மறுப்பு வேறொன்று: தொடக்கத்தை நகர்த்தினால் கணினி பூட் ஆகாமல் போகலாம். மறுக்க முடியாது. தனக்கு முன்னால் எத்தனை செக்டர் இருக்கிறது என்பதை என்.டி.எஃப்.எஸ். பூட் செக்டர் குறித்து வைத்திருக்கிறது. விஸ்டாவுக்குப் பிந்தைய பூட் பதிவேடு, பழைய எம்.பி.ஆர். முறை டிஸ்க்கில், பார்ட்டிஷனின் தொடக்க இடத்தை வைத்தே அதை அடையாளம் காண்கிறது. இடம் மாறினால் இந்தக் குறிப்புகள் பொய்யாகும். ஆனால் இவை திருத்தக்கூடியவை. நல்ல க்ளோன் கருவிகள் தாமே திருத்துகின்றன. இல்லையென்றால் விண்டோஸ் நிறுவல் டிஸ்க்கின் ஸ்டார்ட்அப் ரிப்பேர் பெரும்பாலும் போதும். ஒருமுறை செய்யும் பழுதுபார்ப்புக்கு அஞ்சி, டிரைவின் ஆயுள் முழுக்க இரட்டை வேலை வாங்குவது சரியான பேரம் ஆகாது.

உங்கள் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது எளிது. எம்எஸ்இன்ஃபோ32-ஐத் திறந்து, ஸ்டோரேஜ் பகுதியில் டிஸ்க்ஸ் என்பதற்குள் பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட் என்ற எண்ணைப் பாருங்கள். 32,256 என்றிருந்தால் அது 63-ஐ 512-ஆல் பெருக்கி வந்தது. 4096-ஆல் வகுத்தால் மீதி வரும். 1,048,576 என்றிருந்தால் மீதி இல்லை. முதல் பார்ட்டிஷன் சரியாக இருந்து, லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் பிசகியிருப்பதும் உண்டு என்பதால் ஒவ்வொன்றையும் பாருங்கள். க்ளோன் செய்வதற்கு முன்பே எஸ்.எஸ்.டி.யில் 1 எம்பி தள்ளிப் பார்ட்டிஷனை உருவாக்கி, அதற்குள் உள்ளடக்கத்தை இறக்குவதே நல்ல வழி. ஏற்கெனவே க்ளோன் முடிந்திருந்தால் ஜிபார்ட்டெட் கொண்டு நகர்த்தலாம். நடுவில் மின்சாரம் போனால் தரவு போய்விடும், ஆகவே பேக்கப் இல்லாமல் தொடாதீர்கள். முதல் பூட்டின்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். புது டிரைவ் தனியாக பூட் ஆகி, ஆஃப்செட் எண்ணும் மீதியின்றி வகுபடும்வரை பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள்.